‘ஃபார்கோ’வை முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பெரியப்பா இறந்த அன்று, ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்த பையன் பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டான். பெரியப்பாவின் காலடியில் கிடந்து கதறிக்கொண்டிருந்த பெரியம்மா சட்டென்று தலையைத் தூக்கி, “அதுல போடாதப்பா, ஷாக் அடிக்கும். டிவி பிளக்குல போடு” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தார். நானும் என் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டோம். பெரியம்மாவின் துக்கம் பொய் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது வருடம் அந்த வீட்டைக் கட்டிக் காத்தவர், புருஷன் போன அன்றும் அந்த வீட்டுக்காரியாகவே இருந்தார். அவ்வளவுதான்.

டார்க் காமெடி என்ற வகைப் படங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தயங்கி நிற்கிறார்கள்: கொலை நடக்கிற படத்தில் எப்படிச் சிரிப்பது? அந்தச் சிரிப்பு நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய விபரீதம் வந்தாலும் மனிதர்கள் அவரவர் குணத்தோடுதான் அதற்குள் நுழைகிறார்கள். நல்ல டார்க் காமெடி அதை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த வகையைப் பழகிக்கொள்ள ஒரே ஒரு படத்தைக் காட்டு என்றால் நான் காட்டுவது ‘ஃபார்கோ’. 1996இல் வந்த அமெரிக்கப் படம். ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் என்ற சகோதரர்கள் சேர்ந்து எழுதியது. இயக்குநர் என்று ஜோயலின் பெயர் வரும். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. சில காட்சிகளைத் தொடாமல் பேசவும் முடியாது, அதனால் அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பார்ப்பதற்கு முன்

படம் 98 நிமிடம்தான். ஒரே மூச்சில் பாருங்கள். பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் என்று வைத்துக்கொண்டால், மெல்ல மெல்லக் கூடுகிற இறுக்கம் கலைந்துபோகும்.

குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். ரத்தம் இருக்கிறது, கெட்ட வார்த்தை இருக்கிறது, ஒரு படுக்கையறைக் காட்சியும் இருக்கிறது. “நல்ல காமெடிப் படம்” என்று மட்டும் சொல்லி என் தோழி ஒருத்தியைப் பார்க்கவைத்தேன். முதல் கொலையில் அவள் முகம் வெளிறியதை இன்னும் மறக்கவில்லை. அது என் தவறு. அன்றிலிருந்து யாருக்குச் சொன்னாலும், இது மனதை உலுக்கும், நடுநடுவே சிரிப்பும் வரும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

டப்பிங்கில் பார்க்காதீர்கள். ஆங்கிலத்திலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். காரணம் இருக்கிறது. கதை நடப்பது அமெரிக்காவின் வடக்கே, பனி மூடிக் கிடக்கும் மினசோட்டா மாநிலத்தில். நார்வேயிலிருந்தும் சுவீடனிலிருந்தும் போய்க் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த பகுதி அது. அந்தப் பழைய மொழிகளின் ராகம் அவர்கள் ஆங்கிலத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய்க்கு வாய் “யா, யா” என்பார்கள். குரலை உயர்த்த மாட்டார்கள், முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவார்கள். ‘மினசோட்டா நைஸ்’ என்றே இதற்குப் பெயர் உண்டு. கோயன் சகோதரர்கள் மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய புறநகரில் வளர்ந்தவர்கள். இந்தப் பேச்சு அவர்கள் காதில் ஊறியது. கொலையைப் பற்றி விசாரிக்கும்போதும் வெளியே எவ்வளவு குளிர் என்று பேசிக்கொள்கிற அந்தப் பணிவை டப்பிங் துடைத்துவிடும். நெல்லைப் பேச்சில் எழுதிய கதையைப் பாடப்புத்தகத் தமிழில் மாற்றி வாசிப்பதைப் போல ஆகிவிடும்.

இன்னொன்று. இது 1987இல் மினசோட்டாவில் நடந்த உண்மைக் கதை என்று படம் தொடங்கும்போதே எழுத்து வரும். நம்பாதீர்கள். படத்தின் கடைசியில் ஓடும் எழுத்துகளில், பாத்திரங்கள் எல்லாம் கற்பனையே என்ற வழக்கமான வாசகம் இருக்கிறது. பிறகு எதற்குத் தொடக்கத்தில் அந்த அறிவிப்பு? உண்மையில் நடந்தது என்று நினைத்துக்கொண்டால், நாம் கதையிடம் நியாயமோ ஒழுங்கோ கேட்பதில்லை. ‘இப்படியும் நடந்திருக்கிறதே’ என்று அதன் போக்கில் போகிறோம். படத்தின் பெயரும் அப்படித்தான். ஃபார்கோ என்பது பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவில் உள்ள ஊர். முதல் காட்சி மட்டுமே அங்கே. அதற்குப் பிறகு படம் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

முதல் அரை மணி நேரம்

புதியவர்கள் பலர் விட்டுவிட்டுப் போவது இங்கேதான். நானும் முதல் தடவை இங்கேதான் நிறுத்தினேன். யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை, கதாநாயகன் வருவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். கதாநாயகன் கிடையாது. நாம் பற்றிக்கொள்ளக் கூடிய ஒரே ஆள், மார்ஜ் என்ற போலீஸ் அதிகாரி, அரை மணி நேரம் தாண்டித்தான் திரைக்கே வருகிறார். அதுவரைக்கும் நம்மிடம் இருப்பது ஜெர்ரி.

ஜெர்ரி மாமனாரின் கார் ஷோரூமில் விற்பனை மேலாளர். கழுத்து வரைக்கும் பணச் சிக்கல். அதிலிருந்து தப்பிக்க அவன் கண்டுபிடித்த வழி, தன் மனைவியையே ஆள் வைத்துக் கடத்துவது. மாமனார் பணக்காரர், மகளுக்காகப் பணம் தருவார். கடத்துகிறவர்களிடம் 80,000 டாலர் கேட்போம், ஆளுக்குப் பாதி என்கிறான். மாமனாரிடம் போய்ப் பத்து லட்சம் டாலர் என்கிறான். இந்தக் கணக்கு இப்போதே மனதில் இருக்கட்டும்.

இந்தப் பகுதியில் ‘அடுத்து என்ன நடக்கும்’ என்று ஓடாதீர்கள். ஜெர்ரியைப் பாருங்கள். வில்லியம் எச். மேசி என்ற நடிகர் அவனைச் செய்திருக்கும் விதத்துக்காகவே பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளர், கேட்காத துருத் தடுப்புக் கோட்டிங்குக்கு எதற்குப் பணம் போட்டாய் என்று சண்டை பிடிக்கிறார். மேலதிகாரியிடம் கேட்டு வருகிறேன் என்று ஜெர்ரி எழுந்து போகிறான். பக்கத்து அறையில் சக ஊழியரிடம் விளையாட்டுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கிறான். திரும்பி வந்து, இதுவரை யாருக்கும் செய்ததில்லை, உங்களுக்காக 100 டாலர் குறைக்கச் சொன்னார் என்கிறான். இந்த மனிதரை நாம் எல்லோரும் ஏதோ ஒரு கடையில் சந்தித்திருக்கிறோம். கொலைகாரனாகப் பிறந்தவன் என்று சொல்ல அவனிடம் எதுவும் இல்லை. சின்னப் பொய் சொல்லியே பழகியவன், பெரிய இடத்திலும் அதே கருவியை எடுக்கிறான்.

அப்புறம் அந்தப் பனி சுரண்டும் காட்சி. மாமனார் அவனுடைய தொழில் யோசனையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுகிறார். பரந்த வெள்ளை மைதானமாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடத்தில் ஜெர்ரியின் கார் மட்டும் நிற்கிறது. மேலிருந்து பார்க்கிறோம், அவன் ஒரு எறும்பு. காருக்குள் உட்கார்ந்து பார்க்கிறான், கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருக்கிறது. இறங்கிச் சுரண்டத் தொடங்குகிறான். திடீரென்று வெறி பிடித்து, கையில் இருந்ததை வீசி எறிந்து ஆடித் தீர்க்கிறான். பிறகு? வீட்டுக்குப் போயாக வேண்டுமே. குனிந்து அதை எடுத்து, மறுபடியும் சுரண்டுகிறான். ஒரு வசனம் கிடையாது. முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. இந்த ஒரு நிமிடம் உங்களுக்குள் போய்விட்டால் படம் மொத்தமும் திறந்துகொள்ளும்.

இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கைகொடுத்தது நம் தொல்காப்பியம். உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் பகுதியில், நகை, அதாவது சிரிப்பு, நான்கு இடத்தில் பிறக்கும் என்று இருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அடுத்ததாக வருகிற அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பட்டியலில் நகைக்கு அடுத்த இடமே அழுகைக்குத்தான். ஜெர்ரியின் பேதைமை நம்மைச் சிரிக்கவைக்கிறது. அதே நொடியில் மாமனாரிடம் அவன் பட்ட இளிவு, அந்த அவமானம், அழுகைப் பக்கம் இழுக்கிறது. மடன் என்பதற்கு, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிடித்ததை விடாமல் இருப்பது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. தோற்றுப்போன திட்டத்தை விடவே தெரியாத ஜெர்ரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஆளிடம் நகையும் அழுகையும் ஒன்றாகப் பிறக்கிற இடத்தைத்தான் இந்த வகைப் படங்கள் தேடிப் போகின்றன.

எங்கே சிரித்தீர்கள் என்று பாருங்கள்

கடத்தல் தொடங்கியதும் ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். எந்த இடத்தில் சிரித்தோம், எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு நின்றது என்று மனதில் குறித்துக்கொண்டே போங்கள். எழுத வேண்டியதில்லை.

கடத்த வருகிறவர்கள் இரண்டு பேர். கார்ல் நிறுத்தாமல் பேசுகிறவன் (ஸ்டீவ் புசெமி). கேயர் வாயே திறக்காதவன் (பீட்டர் ஸ்டோர்மேர்). நீண்ட கார்ப் பயணத்தில் கார்ல், ‘ஒரு வார்த்தையாவது பேசேன்’ என்று புலம்புவது நல்ல வேடிக்கை. அந்த மௌனம் என்ன வகை மௌனம் என்று பிறகு தெரியவரும்போது முதுகு சில்லிடுகிறது.

ஜெர்ரியின் மனைவி ஜீன், குளியலறைத் திரைச்சீலைக்குள் சிக்கிக்கொண்டு கண் தெரியாமல் ஓடி மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். பலருக்கு இங்கே சிரிப்பு வந்துவிடும். வரட்டும். அதற்குப் பிறகு ஏரிக்கரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, முகத்தை மூடிய நிலையில் அவள் பனியில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடுகிறாள். அதைப் பார்த்துக் கார்ல் வாய்விட்டுச் சிரிக்கிறான். சற்று முன் நாம் சிரித்த அதே சிரிப்பு. அது அவன் வாயிலிருந்து வருவதைக் கேட்கும்போது நமக்கு வாய் அடைத்துப்போகிறது. சிரிக்கவைத்துவிட்டு, யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று படம் நம்மைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. துப்பாக்கியும் நக்கல் வசனமும் இருந்தால் போதும் என்று நினைத்து எடுக்கப்படும் படங்களில் எனக்குக் குறையாகப் படுவது இந்தத் திரும்பிப் பார்த்தல்தான்.

இதே இடத்தில் இன்னொரு காட்சி. ஜெர்ரி வீட்டுக்கு வருகிறான். எல்லாம் உடைந்து கிடக்கிறது. பதறிய குரலில் மாமனாரோடு பேசுவது நமக்குக் கேட்கிறது. பிறகு அதே வரிகள் மறுபடியும், சற்று வேறு தொனியில். இன்னொரு முறை, வேறு தொனியில். ஒத்திகை பார்க்கிறான் என்று அப்போதுதான் புரிகிறது. எல்லாம் சரியாக வந்தது என்று தோன்றியதும், ஃபோனை எடுத்து எண்ணைச் சுழற்றி, நிதானமாக, மாமனாரோடு பேச வேண்டும் என்கிறான்.

மார்ஜ்

இந்தப் படத்தை ஏன் வருடம் ஒரு முறை பார்க்கிறேன் என்று கேட்டால் மார்ஜுக்காகத்தான். பிரெய்னர்ட் என்ற சின்ன ஊரின் போலீஸ் தலைவர், ஏழு மாதக் கர்ப்பிணி. பிரான்சிஸ் மெக்டார்மண்ட் இதற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் வாங்கினார். திரைக்கதைக்கும் ஓர் ஆஸ்கார்.

விடியும் முன் ஃபோன் வருகிறது: மூன்று பேர் செத்துக் கிடக்கிறார்கள். மார்ஜ் கிளம்புகிறாள். கணவன் நார்ம், வெறும் வயிற்றோடு போகக் கூடாது, முட்டை செய்து தருகிறேன் என்று எழுந்துவிடுகிறான். சாப்பிட்டுவிட்டு வெளியே போகிறாள். கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடியும் திறக்கிறது. போலீஸ் கார் ஸ்டார்ட் ஆகவில்லையாம், நார்ம் வந்து உதவ வேண்டும். வேறு படமாக இருந்தால் கத்தரித்திருப்பார்கள். இங்கே இந்தச் சின்ன நிமிடங்களைத்தான் நீங்கள் அவசரப்படாமல் பார்க்க வேண்டும். இவ்வளவு கொடுமைக்கு நடுவே எது காப்பாற்றத் தக்கது என்று படம் சொல்லும் இடம் இதுதான்.

சம்பவ இடத்தில் பனியில் பதிந்த காலடிகளைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடுகிறாள். திடீரென்று குனிகிறாள். தடயம் கிடைத்ததா என்று கூட இருக்கும் போலீஸ்காரர் கேட்கிறார். இல்லை, வாந்தி வருகிறது என்கிறாள். கொஞ்ச நேரத்தில் அது சரியாகி, மறுபடியும் பசிக்கிறது என்கிறாள். திரும்பும் வழியில் அந்தப் போலீஸ்காரர் ஒரு தவறு செய்திருப்பது தெரிகிறது. காரின் எண் ‘டிஎல்ஆர்’ என்று தொடங்குவதாக நினைத்துத் தேடச் சொல்லியிருக்கிறார். அது டீலரின் வண்டி என்பதற்கான குறி. மார்ஜ் திட்டவில்லை. இதில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போக முடியவில்லை என்று மென்மையாகச் சொல்லிவிட்டு, அவர் முகம் வாடியதும் நம்பர் பிளேட் பற்றி ஒரு ஜோக் சொல்லித் தேற்றுகிறாள். கெட்டிக்காரத்தனமும் இரக்கமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை.

படத்தின் நடுவே மார்ஜின் பழைய பள்ளித் தோழன் மைக் என்று ஒருவன் வருவான். மினியாபொலிஸ் ஹோட்டலில் அவளைச் சந்தித்து, தன் துயரத்தைச் சொல்லி உடைந்து அழுவான். கொலைக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத ஆள் இல்லை. ஓட்டிவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஒரு ஃபோன் பேச்சில் மைக்கைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியவருகிறது. அதைக் கேட்டபின் வண்டியை எங்கே திருப்புகிறாள் என்று பாருங்கள். மனிதர்கள் சொல்வதை அப்படியே நம்பிப் பழகிய ஒரு நல்ல மனத்தில் அப்போது ஏதோ ஒன்று இடம் மாறுகிறது என்பது என் வாசிப்பு. நீங்கள் வேறு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முறை

ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். கதை தெரிந்துவிட்டதால் இப்போது காதும் கண்ணும் சும்மா இருக்கும். காருக்குப் பின்னால் இன்னொரு காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பனிக்குள்ளிருந்து யாரோ வருவதில் படம் தொடங்குகிறது. அந்தச் சாதாரணக் காட்சிக்கு கார்ட்டர் பர்வெல் போட்டிருக்கும் இசை ஒரு காவியத்துக்கு உரியது. நார்வே நாட்டுப்புறப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. சின்ன மனிதர்களின் சின்னப் பேராசையைச் சின்னதாக நினைக்காதே என்று அந்த இசை முதலிலேயே சொல்லிவிடுகிறது. ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவில் வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படம் எடுத்த குளிர்காலத்தில் மினசோட்டாவில் பனி போதவில்லை. பனியைத் தேடி வடக்கு டகோட்டாவுக்குப் போய்ச் சில பகுதிகளை எடுத்திருக்கிறார்கள்.

பணத்தைப் பின்தொடருங்கள். 80,000 எப்படிப் பத்து லட்சம் ஆகிறது, அது யார் கைக்கெல்லாம் போகிறது, கடைசியில் எங்கே இருக்கிறது. இன்னொரு பக்கம் நார்ம். அவன் வாத்து ஓவியங்கள் வரைகிறவன். தபால்தலைக்காக வரைந்து அனுப்பியிருக்கிறான். கடைசிக் காட்சியில் அதன் முடிவு வருகிறது: அவன் படம் தேர்வாகிவிட்டது, ஆனால் 3 சென்ட் தபால்தலைக்கு. யார் வாங்குவார்கள் என்று அவனுக்கு வருத்தம். கட்டணம் ஏறும்போதெல்லாம் பழைய தலைகளோடு ஒட்ட அந்தச் சின்னத் தலைதானே வேண்டும் என்கிறாள் மார்ஜ். முதல் தடவை இது எனக்கு வெறும் படுக்கையறைப் பேச்சாகத்தான் கேட்டது.

அடுத்து எங்கே போகலாம்

கடத்தல் கதையிலேயே நம் ஊருக்கு வரலாம். நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ (2013). அதில் வரும் தாஸுக்குக் கடத்தலுக்கென்று விதிகள் உண்டு. அதிகாரம் உள்ளவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு காதலியும் உண்டு. இது ‘ஃபார்கோ’வை விட இலகுவான படம், சிரிப்பும் அதிகம். ஆனாலும் அதே கண்ணோடு பாருங்கள்: திட்டத்தைக் கவனிக்காமல், திட்டம் உடையும்போது ஒவ்வொருவனும் தன் குணப்படி என்ன செய்கிறான் என்று.

பிறகு, மனம் தயாரானதும், தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011). இதுவும் பெரியவர்களுக்கான படம், ரத்தம் அதிகம். அதில் ரவுடிகளை எல்லாம் விட்டுவிட்டு, கெட்டு நொடித்துப்போன காளையன் என்ற குடிகாரத் தகப்பனையும் அவன் மகன் கொடுக்காப்புளியையும் தொடருங்கள். அப்பாவை உனக்கு ரொம்பப் பிடிக்குமா என்று ஒருவர் அந்தச் சிறுவனைக் கேட்கும் இடம் வரும். அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்பான்.